திருநாள் பணத்துக்குக் கணக்கு



தேர்த் திருநாள் நல்லபடியாக முடிந்தது. தேர் கொட்டகைக்குத் திரும்பிவிட்டது. கொடிமரத்தில் கட்டின மாவிலையும் காய்ந்து உதிர்ந்துவிட்டது. இனி வரவேண்டியது கணக்கு. திருநாளைப்பற்றிப் பேச நமக்கு ஆயிரம் வாய் உண்டு. கணக்கைப்பற்றிப் பேச மட்டும் எல்லாருக்கும் ஒரு கூச்சம். கோவில் காரியத்தில் கணக்குக் கேட்பது பாவம்போலவும், கணக்குக் கேட்கப்படுவது அவமானம்போலவும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்பு தவறு என்று சொல்லவே இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் குருப்பட்டம் பெற்ற புதிதில் வேறொரு ஊரில் இருந்தேன். அந்தக் கோவில் ஓட்டுக்கூரை ஒழுகிற்று. மழைக் காலத்துக்குள் ஓடு மாற்றவேண்டுமென்று பிரசங்கத்தில் சொல்லி, வீடுவீடாகப் போய்ப் பணம் சேர்த்தேன். நடவு வேலைக்குப் போய்ப் பிழைக்கிற ஒரு கைம்பெண், முந்தானை முடிச்சை அவிழ்த்து இருபது ரூபாய் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். கூரைக்கு முந்தித் திருநாள் வந்துவிட்டது. பக்கத்து ஊரில் பேண்டு வாத்தியம் வைத்திருக்கிறார்கள், நாம் குறையலாமா என்று வாலிபர்கள் வந்து நின்றார்கள். பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று எண்ணி, ஓட்டுப் பணத்தை எடுத்து வாத்தியத்துக்கும் சரவிளக்குக்கும் கொடுத்துவிட்டேன். திருநாள் பிரமாதம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிறு பூசையில் அந்தக் கைம்பெண் உட்கார்ந்திருந்த இடத்திலேயே சொட்டுச்சொட்டாய் ஒழுகிற்று. பூசை முடிந்தபின் அவள் என்னிடம் வந்து, கோபமில்லாமல், "சாமி, அது ஓட்டுக்குக் குடுத்த காசு ஆச்சே?" என்று மட்டும் கேட்டாள்.

அதில் ஒரு காசையும் நான் எனக்கென்று எடுக்கவில்லை. அது உண்மை. அதையே அன்று இரவெல்லாம் என் மனதுக்குச் சொல்லிப் பார்த்தேன், மனம் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு காரியத்துக்கென்று கொடுத்த காணிக்கையை அந்தக் காரியத்துக்கே செலவிடவேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். காணிக்கை கொடுத்த விசுவாசிகளுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பதும், ஒவ்வொரு பங்கிலும் பொருளாதாரக் குழு ஒன்று இருக்கவேண்டும் என்பதும், 1983-ம் வருஷம் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது. இவையெல்லாம் குருமடத்தில் நான் படித்தவைதான். படித்திருந்தும் செய்தேன். ஓடு மாற்ற மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதற்குள் ஊர் இரண்டுபட்டது. கீழத்தெருவார் பணத்தை மேலத்தெருவார் தின்றார்கள் என்றும், மேலத்தெருவார் பணத்தைக் கீழத்தெருவார் தின்றார்கள் என்றும் பேச்சு. தின்றவர் ஒருவருமில்லை. கணக்கு வாசித்தவரும் ஒருவருமில்லை, அவ்வளவுதான்.

பழைய ஏற்பாட்டில் அரசராகமத்தில் ஜோவாஸ் என்னும் அரசனைப்பற்றிப் படிக்கிறோம். தேவாலயம் பழுதாய்க் கிடந்தது. பழுது பார்க்கவென்று குருக்கள் கையில் பணம் சேர்ந்துகொண்டே இருந்தது. அரசனுடைய ஆட்சியில் இருபத்துமூன்றாம் வருஷம் வந்தும் ஒரு கல்லும் அசையவில்லை. அப்பொழுது பெரிய குரு ஒரு பெட்டியை எடுத்து, மூடியில் துளையிட்டு, பீடத்துக்குப் பக்கத்தில் எல்லாரும் பார்க்க வைத்தார். பெட்டி நிறைந்தபோது அவர் தனியாகத் திறக்கவில்லை. அரசனுடைய கணக்கனும் பெரிய குருவும் இருவருமாகத் திறந்து எண்ணி, பையில் முடிந்து, தச்சருக்கும் கொத்தருக்கும் கொடுத்தார்கள். இன்னொரு சங்கதியும் அங்கே எழுதியிருக்கிறது: அந்தப் பணத்தில் வெள்ளிக் கிண்ணமும் எக்காளமும் செய்யவில்லையாம். இதை வாசிக்கிறபோதெல்லாம் என் பேண்டு வாத்தியம் காதில் ஒலிக்கும்.

அதே அதிகாரத்தில் வேலையாட்களிடம் கணக்குக் கேட்கவில்லை, அவர்கள் நேர்மையாய் நடந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறதே என்று நம் பங்கில் வேதம் படித்த ஒரு பெரியவர் என்னை மடக்கினார். உண்மைதான். ஆனால் கேட்காமல் விட்டது உளிபிடித்த கையைத்தான். பெட்டிச் சாவி பிடித்த கை ஒன்றாக இருக்கவில்லை, இரண்டாக இருந்தது. நம்பிக்கை ஓரிடத்தில், காவல் ஓரிடத்தில்.

அர்ச். சின்னப்பரைப் பாருங்கள். ஜெருசலேமில் இருந்த ஏழைக் கிறிஸ்தவர்களுக்காக அவர் கலாத்தியா, மக்கெதோனியா, அக்காயா நாடுகளில் காணிக்கை சேர்த்தார். கொரிந்தியருக்கு எழுதும்போது, வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருமானத்துக்குத் தக்கபடி வீட்டிலேயே எடுத்து வைக்கட்டும், நான் வந்தபிறகு வசூல் பண்ண ஓடவேண்டாம் என்கிறார். இதன் யுக்தியைக் கவனியுங்கள். அப்போஸ்தலர் முன்னால் நிற்கும்போது முகத்துக்காகக் கொடுப்பது வேறு, அவர் இல்லாதபோது அரிசிப் பானைக்கு முன் நின்று ஒதுக்கி வைப்பது வேறு. காஞ்சி மடத்துப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் இந்துக் குடும்பங்களுக்குச் சொன்ன பிடி அரிசித் திட்டமும் இந்த வகைதான். மிசோரம் மலைநாட்டில் கிறிஸ்தவப் பெண்கள் 1910-ம் வருஷம் முதல் ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனியே எடுத்து வைத்து வருகிறார்கள். பிடி அரிசி கொடுக்க எந்த வீட்டுக்கும் வெட்கமில்லை.

சேர்ந்த பணத்தைச் சின்னப்பர் என்ன செய்தார்? நீங்களே நல்லவர்களென்று தெரிந்தெடுக்கிற ஆட்களிடம் கொடுத்து அனுப்புவேன் என்றார். தீத்துவை அனுப்பினபோதும் தனியே அனுப்பவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனைத் துணைக்கு அனுப்பினார். இவ்வளவு பெரிய காணிக்கையில் ஒருவரும் எங்கள்மேல் குறை சொல்ல இடம் வைக்கக்கூடாது, ஆண்டவர் முன் மாத்திரமல்ல, மனிதர் முன்பாகவும் சரியாய் நடக்கவேண்டும் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். மூன்றாம் வானம்வரை எடுக்கப்பட்ட அர்ச்சியசிஷ்டவரே பணத்துக்குத் துணையாள் தேடினார். "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிக்கிற நாம் யார்?

வேதாகமத்தை விட்டு இப்பொழுது நம் சொந்த ஊர்ப் பக்கம் வருவோம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். 919-ம் வருஷத்தது ஒன்று, 921-ம் வருஷத்தது ஒன்று. குடவோலை, குடவோலை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிறார்கள். முப்பது குடும்புகளிலிருந்து பெயர் எழுதின ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒன்றுமறியாத ஒரு சிறுபிள்ளையைக் கொண்டு எடுக்கச்செய்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஆட்களை அமர்த்தினார்கள். ஆனால் அந்தக் கல்லில் எனக்குப் பெரிதாய்த் தோன்றுவது ஓலை அல்ல, கணக்கு.

முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றப்பன், பெரியப்பன், மாமன், மருமகன், மாமனார், சகோதரன் என்று உறவுமுறையை நீளமாக அடுக்கி, அவர்கள் பெயரையும் இடக்கூடாது என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் கடுமைதான். ஆனாலும் கணக்குக் காட்டாதவன் வீட்டுக்குள்ளேயே அவனை நச்சரிக்கப் பத்துப்பேர் இருந்திருப்பார்கள் அல்லவா! கணக்கு எழுதுகிறவனுக்கும் விதி உண்டு. தான் எழுதின கணக்கைத் தானே வந்து காட்டவேண்டும், அவனுக்குப் பதிலாக வேறொருவன் புகுந்து முடித்துக் கொடுக்கக்கூடாது. பெரியவர்கள் பார்த்து நேர்மையானவன் என்று ஒப்பின பிறகல்லாமல் அவனுக்கு மறுபடி அந்த வேலை இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தக் குடத்தில் நம்மில் அநேகருடைய பாட்டன் பூட்டன் ஓலை விழுந்திராது. சொந்த நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே அங்கே இடம். பெண்களுக்கும் வயலில் இறங்கி உழைத்தவர்களுக்கும் இடமில்லை. ஞானஸ்நானத் தொட்டியில் எல்லாரும் ஒரே தண்ணீரில் பிறந்த நாம் அந்த விலக்கை எடுத்துக்கொள்ளவேண்டாம். ஆகையால்தான் நம் திருநாள் குழுவில் இந்த வருஷம் ஐந்து பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பூக்காரரிடம் விலை பேசிக் குறைத்த தொகையைச் சொன்னால் ஆண்கள் வெட்கப்படுவார்கள்.

இனி நம் வழக்கங்களுக்கு வருகிறேன். வீட்டு வரி என்று எல்லாருக்கும் ஒரே தொகை போடுகிறோம். ஒரகடத்துத் தொழிற்சாலையில் மாதச் சம்பளம் வாங்குகிற மகன் உள்ள வீட்டுக்கும், ஏரி வேலைக்குப் போகிற கிழவி வீட்டுக்கும் ஒரே வரி. கொடுக்கமுடியாதவர்கள் தேர் தங்கள் தெருவுக்கு வரும்போது கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இதை நான் கண்ணால் கண்டேன். நம் ஆண்டவர் காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு காசு போட்ட விதவையைப் பார்த்தார். பார்த்ததைத் தம் சீடர்களை அழைத்து அவர்களுக்குச் சொன்னார். நாமோ மைக்கைப் பிடித்து, இன்னார் பத்தாயிரம், இன்னார் ஐயாயிரம் என்று தெருவெல்லாம் முழங்குகிறோம். இருபது ரூபாய் கொடுத்தவள் பெயர் வரும்போது குரல் தானாய்த் தணிந்துவிடுகிறது. இந்த மைக் வழக்கத்தை அடுத்த திருநாளுக்கு நிறுத்த எண்ணியிருக்கிறேன். ரசீது எல்லாருக்கும் உண்டு. முழக்கம் ஒருவருக்கும் வேண்டாம்.

ஏலத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. காணிக்கையாய் வந்த தேங்காய், சேவல், வாழைத்தார் எல்லாம் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகின்றன. கூவின விலை வேறு, கைக்கு வந்த விலை வேறு. உற்சாகத்தில் கூவிவிட்டு, அறுவடைக்குப்பின் தருகிறேன் என்கிறார்கள். அறுவடையும் போகிறது, அடுத்த திருநாளும் வருகிறது. வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் கைப்பேசியிலேயே பணம் அனுப்புகிறார்கள். அது ஒருவருடைய சொந்தக் கணக்கில் போய் விழுந்தால், அவர் உத்தமராயிருந்தாலும் ஊர் வாய் சும்மா இராது. அவரைக் காப்பாற்றவாவது அது கோவில் கணக்குக்கே வரவேண்டும்.

எதற்கென்று கண்ணுக்குத் தெரிந்தால் நம் ஜனங்கள் அள்ளிக் கொடுப்பார்கள். 1956-ல் காமராசர் காலத்தில் பள்ளிப் பகலுணவு தொடங்கினபோது, ஊரார் கொண்டுவந்து கொடுத்த அரிசியும் விறகும் காய்கறியும்தான் முதல் அடுப்பை மூட்டின. 1958-ல் அன்றைய செங்கற்பட்டு ஜில்லாக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடிற்று. அந்த இயக்கத்தை நடத்தின கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு, நம் காஞ்சிபுரம் பக்கத்து நெய்யாடுபாக்கத்தில் பிறந்தவர். பெஞ்சு, கடிகாரம், தட்டு, சுவர் என்று கிராமத்தார் கொடுத்தார்கள். அவர்களும் ஏழைகள்தான். கொடுத்த பெஞ்சில் தங்கள் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் போய்ப் பார்க்க முடிந்தது.

கணக்குக் கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். டீக்கடையில் கேட்காதீர்கள். கூட்டத்துக்கு வராமல் இருந்துவிட்டு, பெட்டிக் கடை வாசலில், அவன் வீட்டுக்கு மாடி எப்படி வந்தது என்று பேசுவது எட்டாம் கற்பனைக்கு விரோதம்; பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய பாவம். வெயிலில் அலைந்து, கதவு கதவாய்த் தட்டி, ஏச்சுக் கேட்டு, சொந்தப் பெட்ரோல் போட்டுத் திரிந்தவர்கள் அந்தக் குழுவினர். அவர்களில் ஒருவர் என்னிடம் வந்து, அடுத்த வருஷம் என் பெயரைச் சேர்க்காதீர்கள் சுவாமி என்றார். ஏன் என்று கேட்டதற்கு, பணம் தராதவர்கள்கூடப் பரவாயில்லை, தந்தவர்கள் பார்க்கிற பார்வைதான் தாங்கவில்லை என்றார். அந்தப் பார்வையை எடுத்துப்போட வழி கணக்கு ஒன்றுதான்.

ஆகையால் வருகிற ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் ஒருவரும் கலைந்து போகவேண்டாம். வேப்பமரத்தடியில் பாய் விரித்திருக்கும். கணக்கு எழுதினவரே எழுந்து வாசிப்பார், நான் வாசிக்கமாட்டேன். வரவு, செலவு, கையிருப்பு, ஏல நிலுவை என்று நான்கும் வரும். நிலுவைக்காரர் பெயரை வாசிப்பதில்லை, தொகையை மாத்திரம் வாசிப்போம். தங்கள் தொகை எது என்று அவர்களுக்கே தெரியும். நோட்டுப் புத்தகம் அன்று மாலைவரை ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் இருக்கும். எழுத்து அறியாதவர்களுக்கு உபதேசியார் வாசித்துக் காட்டுவார். சமையல் விறகில் மீந்தது கோவில் பின்புறம் அடுக்கியிருக்கிறது. வேண்டிய விதவைகள் சனிக்கிழமைக்குள் வந்து எடுத்துப்போகலாம், அதற்கும் நோட்டில் ஒரு வரி உண்டு.

உங்கள் பங்கு சுவாமியார்