பச்சை குத்தலும் இல்லறமும்



சென்ற பௌர்ணமியன்று உதியன்குளங்கரையில் நாம் நிகழ்த்திய தம்ம உரையை எழுதித் தருமாறு அன்பர் சிலர் கேட்டனர். ஆயின் அன்று பேசியதைவிட, பேசி முடித்த பின்னர் நேர்ந்ததே எழுதத் தகுந்தது. ஏனெனில் அன்று மேடையில் நாம் ஒரு பிழை செய்தோம். அப்பிழையை எடுத்துக் காட்டியவர் முப்பது வயதும் நிரம்பாத ஓர் இல்லத்தரசி.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே, அமரவிளையைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம் அமைந்தது உதியன்குளங்கரை. 1956 நவம்பர் 1-ஆம் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுக்காக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுக்கா கேரளத்தில் நின்றுவிட்டது. ஆதலின் அடுக்களையில் தமிழும் அங்காடியில் மலையாளமும் பேசுவோர் அப்பகுதியில் இன்றும் உளர்.

உரை முடியும் தறுவாயில் ஓர் இளைஞர் எழுந்தார். வீடுகளுக்குத் தரையில் டைல்ஸ் பதிக்கும் தொழிலாளி. “ஐயா, என் கழுத்தின் முன்புறத்தில் தம்மச் சக்கரத்தைப் பச்சை குத்திக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். சட்டைக்குள் மறையாத இடத்தில் குத்தப் போகிறேன். வாழ்த்துங்கள்” என்றார். நாம் அகமகிழ்ந்து “சாது” என்றோம். கூட்டமும் “சாது, சாது” என்று முழங்கிற்று. நம் உரையைக் கேட்டு ஒருவர் கழுத்திலேயே சக்கரம் பொறிக்கத் துணிந்தாரே என்னும் பெருமை நம் நெஞ்சில் ஊறியதை மறைப்பானேன்? அது தம்மத்தின்பால் எழுந்த மகிழ்ச்சியன்று. நம்பால் நாமே கொண்ட மகிழ்ச்சி.

கூட்டம் கலைந்தபின் கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றார். “ஐயா, அவர் என் வீட்டுக்காரர். இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் இதே வழக்குத்தான். இரு தரப்பையும் கேளாமல் தீர்ப்புச் சொல்லிவிட்டீர்களே!” என்றார். குரல் உயரவில்லை. ஆயினும் நமக்கு நாணம் உண்டாயிற்று. அவரையும் அவர் கணவரையும் அமர்த்தி, அப்போதுதான் வழக்கைக் கேட்டோம்.

கணவர் சொன்னார்: “ஐயா, என் அப்பா எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் தாம் யார் என்பதை மறைத்தே வாழ்ந்தார். நான் மறைக்க விரும்பவில்லை. யார் கேட்கும் முன்னும் என் கழுத்தே விடை சொல்லட்டும்.”

மனைவி சொன்னார்: “மறைக்க வேண்டும் என்று நானும் சொல்லவில்லை, ஐயா. ஆனால் அவர் கழுத்தைப் பார்க்கிறவன் புத்தரையா பார்ப்பான்? என்ன சாதி என்றுதான் பார்ப்பான். அவர் வேலை முடித்து வந்துவிடுவார். கடையிலும் பள்ளிக்கூட வாசலிலும் விடை சொல்ல வேண்டியவள் நான். நம் பாட்டிமார் கழுத்தில் கிடந்த கல்மாலையை அறுத்தெறிந்தார்கள் என்று நீங்களே போன மாதம் சொன்னீர்கள். மாலையை அறுக்கலாம், இதை எப்படி அறுப்பது?”

உடனே கணவர், “அது பிறர் நமக்கு மாட்டியது, இது நானே மாட்டிக்கொள்வது. இரண்டும் ஒன்றா?” என்றார்.

அன்பர்களே! இருவர் சொல்லிலும் உண்மை இருக்கிறது. ஆகையால் இதைச் சிறு பூசல் என்று தள்ளுவதற்கில்லை. அப்பெண் குறித்த செய்தி யாதெனில், திருவிதாங்கூரில் புலையர் குலப் பெண்கள் தங்கள் தாழ்வுக்கு அடையாளமாகக் கல்மாலை அணிய வேண்டியிருந்தது. 1915-ஆம் ஆண்டு, பெரிநாட்டுக் கலகத்தை ஒட்டிக் கொல்லத்தில் அய்யன்காளி கூட்டிய கூட்டத்தில் அப்பெண்கள் அவற்றை அறுத்துக் குவித்தனர். அதற்கும் முன்னே இந்நாட்டிலேயே நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்குப் போராடி, 1859-இல் அரச விளம்பரம் பெற்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆட்சியில் கைதிகள் சிலரின் நெற்றியிலே குற்றத்தைப் பச்சை குத்தும் கொடுமையும் இருந்து, 1849-இல் ஒழிந்தது. பிறர் உடம்பின்மேல் எழுதும் அதிகாரம் எப்போதும் வலியவன் கையிலேயே இருந்தது என்பதை இவை காட்டும்.

கணவர் பக்கத்துக்கும் சரித்திரம் உண்டு. சத்தீஸ்கரில் இராமநாமிகள் என்போர், கோயிலுள் நுழைய விடாமல் தடுக்கப்பட்ட மக்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பரசுராம் என்பவர் காட்டிய வழியில், இராமன் பெயரை உடம்பிலேயே குத்திக்கொண்டனர். நெற்றி, முகம், தலை என முழு மேனியிலும் குத்திக்கொண்டோரும் உளர். கோயில் கதவை அடைத்தவர்களுக்கு அவர்கள் மேனியே விடையாயிற்று. ஆயினும் அவர்தம் வழித்தோன்றல்களுள் இளையோர் பெரும்பாலும் முழு உடம்பில் குத்திக்கொள்வதில்லை. வேலை தேடி வெளியூர் செல்வோர்க்கு அது தடையாகிறது. தாத்தாவுக்கு விடுதலையாய் இருந்த அடையாளம் பேரனுக்குச் சுமையாகவும் கூடும்.

இவற்றையெல்லாம் எண்ணியபோது நம் இடக்கையைப் பார்த்துக்கொண்டோம். அதில் ஒரு நட்சத்திரம் இருக்கிறது. இருபத்து மூன்று வயதில், பஞ்சாலையில் ரிங் பிரேமில் அறுந்த இழைகளைப் பிணைக்கும் வேலையில் இருந்தபோது, வேலைநிறுத்த உற்சாகத்தில் திருவிழாக் கடையொன்றில் குத்திக்கொண்டது. மணமாகி ஓராண்டு. மனைவியிடம் ஒரு சொல் கேட்டோமில்லை. ‘கை நம்முடையது, கொள்கை நம்முடையது, இதில் கேட்பதற்கு என்ன?’ என்று எண்ணினோம்.

மூன்றாம் நாள் கை வீங்கிற்று. சீழ் வைத்துக் காய்ச்சல் கண்டது. ஒன்பது நாள் ஷிப்டு போயிற்று, கூலியும் போயிற்று. அம்மையார் இரவெல்லாம் வெந்நீர் ஒற்றடம் கொடுத்தார். காதுக் கம்மலை அடகு வைத்து வைத்தியருக்குக் கொடுத்தார். ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. அதை அவர்தம் பொறுமை என்று பல்லாண்டு பலரிடம் புகழ்ந்து வந்தோம்.

உதியன்குளங்கரையிலிருந்து திரும்பிய இரவு அவரிடம் கேட்டோம்: “அன்று ஏன் ஒன்றும் சொல்லவில்லை?” அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னார்: “கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். குத்திவிட்டு வந்தவரிடம் என்ன சொல்ல? நட்சத்திரத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் ஒருத்தி வீட்டில் இருக்கிறேன் என்ற நினைவே உங்களுக்கு இல்லையே என்றுதான் அன்று அழுதேன்.”

முப்பது ஆண்டு நாம் பொறுமை என்று எண்ணியது பொறுமையன்று. அது கேட்கப்படாத ஒருவரின் மௌனம். இதை அறியாமல் ஊர் ஊராய் இல்லற தருமம் பேசி வந்தோமே என்று வெட்கினோம்.

இனித் தம்மம் கூறுவதை நோக்குவோம்.

முதலாவது, பச்சை குத்துதல் பாவமா? பஞ்சசீலத்துள் அதை விலக்கும் சீலம் ஒன்றும் இல்லை. பௌத்த நாடுகளும் இதில் ஒரு வழிப்பட்டனவல்ல. தாய்லாந்தில் வாட் பாங் பிரா என்னும் விகாரையில் பிக்குகளே அன்பர்களுக்கு மந்திர எழுத்துக்களைப் பச்சை குத்துகின்றனர். இலங்கையிலோ, 2014 ஏப்ரலில், தாமரையில் அமர்ந்த புத்தரைக் கையில் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவர் விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அப்பெண் வழக்காடினார். 2017 நவம்பரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்தம் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று கண்டு, இழப்பீடும் செலவுமாக எட்டு லட்சம் இலங்கை ரூபாய் அளிக்கப் பணித்தது. ஒரு நாட்டில் பக்தியாய் இருப்பது மற்றொரு நாட்டில் நிந்தையாய்த் தோன்றுகிறது. ஆகவே குத்திக்கொள்வதில் தானே ஒரு புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. எந்த மனத்தோடு செய்கிறோம், அதனால் யாருக்கு என்ன விளைகிறது என்பதே கருதத் தக்கது.

இரண்டாவது, உடம்பு யாருடையது? துறவு பூணும் சாமணேரனுக்கு முதலில் ஓதப்படும் தியானப் பொருள் ஐந்து: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். ஐந்தும் நம் சொற்கேட்டு நடப்பனவல்ல. நரைக்காதே என்றால் மயிர் கேளாது, சுருங்காதே என்றால் தோல் கேளாது. பச்சையே அழியாதது என்கிறோம். 2018-இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் எலிகளில் ஆராய்ந்து ஒன்றைக் கண்டனர். தோலின் உள்ளடுக்கில் உள்ள சில அணுக்கள் மையை விழுங்கி வைத்திருக்கின்றன. அவை மடியும்போது மை வெளிப்படுகிறது. புதிய அணுக்கள் அதை விழுங்கிக்கொள்கின்றன. நிலையாய் நிற்பதாய்த் தோன்றும் சித்திரமும் கைமாறிக்கொண்டே இருக்கும் ஓர் ஓட்டமே. அநித்தியத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

ஆயின் இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடலாகாது. உடம்பு ‘என்னுடையது’ அன்று என்பதனால் அது கணவனுடையதோ மனைவியுடையதோ ஆகிவிடாது. இந்நாட்டில் கணவன் பெயரை மனைவியர் கையில் குத்திக்கொள்ளச் செய்தனர்; மனைவி பெயரைக் குத்திக்கொண்ட கணவரைத் தேடித்தான் காண வேண்டும். எனவே, குத்திக்கொள் என்று ஒருவரை மற்றவர் வற்புறுத்துதல் எவ்வாற்றானும் தகாது. குத்தாதே என்று ஆணையிடவும் ஒருவர்க்கு உரிமை இல்லை. உதியன்குளங்கரை அம்மணியும் ஆணையிடவில்லை. என் சொல்லையும் கேள் என்றார், அவ்வளவே.

மூன்றாவது, இல்லறத்தார் கடன். சிகாலன் என்னும் இளைஞனுக்குப் பகவான் அருளிய உபதேசத்தில், கணவன் மனைவிக்கு ஆற்ற வேண்டிய கடன்கள் ஐந்து சொல்லப்படுகின்றன. மதித்தல், இகழாமை, பிறர்மனை நாடாமை, இல்லத்து அதிகாரத்தை அவளிடம் அளித்தல், அணிகலன் அளித்தல் என்பன அவை. அணிகலன் ஐந்தாவதாய் நிற்க, மதித்தல் முதலாவதாய் நிற்பதைக் காண்க. மனைவி வீட்டின் அதிகாரம் உடையவள் எனின், வீட்டின் வருவாயையும் குழந்தையின் நாளையும் தொடும் ஒரு செயலில் அவள் கருத்தைக் கேளாதிருத்தல் எங்ஙனம் பொருந்தும்? தோல் ஒருவருடையது, வீக்கம் இருவருடையது. இதை நாம் நம் கையால் கற்றோம்.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறோம். தூய்மையற்ற ஊசியால் மஞ்சட்காமாலையை உண்டாக்கும் கிருமிகள் பரவக்கூடும். குத்திக்கொண்டவர் பன்னிரண்டு மாதம் இரத்ததானம் செய்தல் கூடாது என்பது நம் நாட்டு விதி. தானத்தைப் போற்றும் நமக்கு அஃது ஓர் இழப்பே. இந்திய இராணுவத்தில் சேர விரும்புவோர்க்கு முன்கையின் உட்புறமும் புறங்கையுமே அனுமதி. பழங்குடியினர்க்கு மட்டுமே விலக்கு உண்டு. இவற்றை அறிந்து செய்பவர் பின்னர் வருந்தார்.

இறுதியாக, சக்கரத்தைப் பற்றி. மகாபுருட இலக்கணம் முப்பத்திரண்டு என்பர். அவற்றுள் சக்கரம் எங்கே இருந்தது? கழுத்திலன்று, நெற்றியிலன்று; உள்ளங்காலில் இருந்தது. துரோணன் என்னும் அந்தணன் வழியில் கண்டது பகவானின் அடிச்சுவட்டையே. நோயுற்ற வக்கலி பிக்கு பகவானைக் காண ஏங்கியபோது, இந்த உடம்பைக் கண்டு ஆவதென்ன, தம்மத்தைக் காண்பவனே தம்மைக் காண்பவன் என்னும் கருத்துப்பட அருளினார். சாஞ்சியின் பழைய சிற்பிகள் அவர் உருவைச் செதுக்காமல் போதி மரத்தையும் சக்கரத்தையும் வெற்றிருக்கையையும் செதுக்கியதும் நினைக்கத் தக்கது.

அந்த இளைஞரிடம் நாம் இவ்வாறு சொன்னோம்: “தம்பி, முதலில் நாம் சொன்ன ‘சாது’வைத் திரும்பப் பெறுகிறோம். ‘வேண்டாம்’ என்றும் சொல்லவில்லை. பஞ்சாலையில் அறுந்த இழையை ஒரு முனையைப் பிடித்து இழுத்துச் சேர்க்க முடியாது. இரு முனையும் வந்து ஒன்றன்மேல் ஒன்று முறுக்கேற வேண்டும். மூன்று பௌர்ணமி பொறுங்கள். மருதாணியால் அச்சக்கரத்தைக் கழுத்தில் வரைந்துகொண்டு ஒரு மாதம் வேலைக்குப் போய் வாருங்கள்; அழியும்தோறும் மீண்டும் வரையுங்கள். உங்கள் வீட்டுக்காரியும் உங்களோடு கடைக்கும் பள்ளிக்கும் வரட்டும். யார் என்ன கேட்டார், யார் என்ன விடை சொன்னீர் என்று இரவில் இருவரும் பேசுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.” அப்பெண்ணிடம், “மகளே, அப்பா மறைத்து வாழ்ந்த வலி அவர் நெஞ்சில் இருக்கிறது. அதையும் நீ கேள்” என்றோம்.

அவர் மருதாணி இட்டுக்கொண்டார் என்று கேள்வியுற்றோம். ஊசியின் வசம் இன்னும் போகவில்லை. இனிப் போகமாட்டார் என்றும் நாம் சொல்லவில்லை. போவாராயின் இருவரும் அறிந்து போவர். அதுவே நமக்குப் போதும்.

நம் கையிலுள்ள நட்சத்திரம் வெளிறி நீலம் பூத்துவிட்டது. இப்போது உரையாற்றும்போது அக்கையை உயர்த்தும்தோறும் ஒரு கம்மலின் நினைவு வருகிறது. பேசும் முன் கேள் என்று அது நம்மை எச்சரிக்கிறது.

எல்லா உயிர்களும் பகையின்றி, துயரின்றி, இன்புற்று வாழ்க!

சாது! சாது! சாது!