காத்திருப்பின் கணக்கும் அறமும்

அவசர சிகிச்சைப் பிரிவில் நெரிசல் ஏற்படுவதற்கு வருவோரின் எண்ணிக்கை மட்டுமே காரணமன்று. மருத்துவமனையில் சேர்க்க முடிவான நோயாளி வார்டில் படுக்கை கிடைக்காமல் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பதும் பெரிய காரணம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளைப் பற்றி 2022இல் வெளியான ஓர் ஆய்வு, அவசரப் பிரிவுக்கு வந்த நேரத்திலிருந்து 6 முதல் 8 மணி நேரத்துக்கு மேல் வார்டுப் படுக்கைக்காகக் காத்திருந்தவர்களில் 82 பேருக்கு ஒருவர் வீதம் கூடுதல் மரணம் நேர்ந்ததாக மதிப்பிட்டது. காத்திருப்பு உயிரோடு தொடர்புடையது என்பதால், அதைக் குறைக்கும் கணிதமும் அறத்தின் விசாரணைக்கு உட்பட்டதே.

இதற்கு உதவும் வரிசைக் கோட்பாடு, கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது. வருகை சீராக இல்லாதபோது, பயன்பாடு முழு அளவை நெருங்க நெருங்கக் காத்திருப்பு கட்டுக்கடங்காமல் பெருகும் என்பது அதன் முக்கிய முடிவு. ஒரே பணியாளர் கொண்ட எளிய மாதிரியில் பயன்பாடு 80 விழுக்காட்டிலிருந்து 90 ஆனால் சராசரிக் காத்திருப்பு இரு மடங்கைத் தாண்டும். 95 ஆனால் நான்கு மடங்கைத் தாண்டும். படுக்கைகள் சராசரியாக 85 விழுக்காட்டுக்கு மேல் நிரம்பினால் ஆபத்து தலைகாட்டும் என்று 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான கணினி மாதிரி ஆய்வும் காட்டியது. காலியாக இருக்கும் படுக்கையை வீண் செலவு என்று கருதும் சிக்கனம் தவறு என்பதை இந்தக் கணக்கு நிறுவுகிறது.

ஆனால் எதைக் குறைக்க வேண்டும் என்பதைக் கணிதம் தானே சொல்லாது. சராசரியைக் குறைப்பதே குறிக்கோளானால், எளிதில் முடியும் சிறு காயங்களை முதலில் பார்ப்பது லாபமாகத் தோன்றும். பல நோய்களோடு வரும் முதியவர் பின்தள்ளப்படுவார். இங்கிலாந்தில் 2004இல் 98 விழுக்காட்டினரை நான்கு மணி நேரத்துக்குள் அனுப்பிவைக்க வேண்டும் என்ற இலக்கு நடைமுறைக்கு வந்தது. காத்திருப்பு பெருமளவு குறைந்தது உண்மை. அதே சமயம், கெடு முடியும் கடைசி நிமிடங்களில் நோயாளிகள் கூட்டமாக வெளியேற்றப்பட்டதையும் பதிவேடுகள் காட்டின. கெடுவைத் தாண்டிவிட்டவரை விரைந்து கவனிக்க அந்த அளவுகோலில் தூண்டுதல் ஏதும் இருக்கவில்லை.

தரவிலும் குறை உண்டு. மருத்துவரைப் பார்க்காமலே சலித்து வெளியேறியவர், கணக்கில் வரிசையைக் குறைத்தவராகத் தெரிவார். அவர் தேவை தீர்ந்து போனவரா, நம்பிக்கை இழந்தவரா என்பதை எண் சொல்லாது.

மனிதத் தீர்ப்பிலும் பாரபட்சம் உண்டே என்ற எதிர்வாதம் நியாயமானது. மாதிரியின் அனுமானங்களையாவது எழுத்தில் வைத்துச் சோதிக்க முடியும். அந்தச் சிறப்பு நிலைக்க வேண்டுமானால், யாருடைய காத்திருப்புக்கு எவ்வளவு மதிப்பு என்பது பொதுவெளியில் விவாதிக்கப்பட்டு முடிவாக வேண்டும். நோயாளியின் நிலை மாறும்போது மாதிரியை மீறும் உரிமை செவிலியருக்கும் மருத்துவருக்கும் இருக்க வேண்டும். படுக்கையும் ஆளும் போதாது என்று கணக்கு காட்டிய பிறகும், அதே கணக்கை வரிசையை மாற்றி அடுக்க மட்டும் பயன்படுத்துவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நிதி ஒதுக்கும் ஆட்சியாளர்களே.