அப்பாவிக்காக யார் பேசுவது?

கோலசிலாங்கூர்க்காரர்களுக்கு புக்கிட் மெலாவாத்தியைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கலங்கரை விளக்கம், பழைய பீரங்கிகள், கையில் இருப்பதைப் பிடுங்கும் குரங்குகள். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் நாம் அங்கேதான் கூட்டிப் போவோம். அந்தக் குன்றில் ஒரு கல்லும் இருக்கிறது. சுல்தான்கள் காலத்தில் குற்றவாளிகளின் தலையை வெட்டிய கல் என்று சொல்வார்கள். பிள்ளைகள் அதைப் பார்த்ததும் "நிஜமாவே வெட்டினாங்களா?" என்று கேட்பார்கள். எனக்குத் தோன்றும் கேள்வி வேறு. அந்தக் கல்லில் தலை வைத்தவர்களில் தப்பே செய்யாதவன் ஒருவனாவது இருந்திருப்பானா? இருந்திருந்தால், அவனுக்காக யாராவது வாய் திறந்திருப்பார்களா?

ஹெர்மன் மெல்வில் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'பில்லி பட்' என்ற கடல் கதையைப் படித்தபோது இந்தக் கேள்விதான் மறுபடி வந்து நின்றது. 'மோபி டிக்' எழுதிய அதே மெல்வில். 1891-இல் அவர் இறந்தபோது இது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது. 1924-இல்தான் அச்சில் வந்தது. சின்ன நாவல்தான். ஆனால் படித்து முடித்தபின் நிம்மதியாகத் தூங்க முடியாது.

கதை நடப்பது 1797-இல். அந்த வருடம் பிரிட்டிஷ் கடற்படையில் இரண்டு பெரிய கலகங்கள் நடந்திருந்தன. அதிகாரிகள் எல்லாருக்கும் உள்ளுக்குள் பயம். அப்போது 'மனித உரிமைகள்' என்று பெயர் கொண்ட ஒரு வணிகக் கப்பலிலிருந்து பில்லி என்ற இளைஞனைப் போர்க்கப்பலுக்கு வலுக்கட்டாயமாகக் கொண்டுபோகிறார்கள். அப்பா அம்மா யாரென்று தெரியாதவன். படிக்கத் தெரியாது, ஆனால் நன்றாகப் பாடுவான். சூதுவாது அறியாதவன். அவனிடம் ஒரே ஒரு குறை. மனம் கலங்கினால் நாக்கு திக்கும்.

கிளாகார்ட் என்ற அதிகாரிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. பில்லி அவனுக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. நல்லவனாக இருந்தான், அது போதும். "இவன் கலகத்துக்குத் திட்டம் போடுகிறான்" என்று கேப்டன் வியரிடம் பொய் சொல்கிறான். கேப்டன் இருவரையும் தன் அறையில் எதிரெதிரே நிறுத்தி, பில்லியைப் பதில் சொல்லச் சொல்கிறார். பில்லிக்கு வார்த்தை வரவில்லை. அவன் திக்குவாயன் என்பதைக் கேப்டன் புரிந்துகொள்கிறார். தோளில் கைவைத்து, அவசரமில்லை, நிதானமாகச் சொல் என்கிறார். அந்த அன்பு அவனை இன்னும் பதறவைக்கிறது. பேச வேண்டிய வாய் பேசாததால் கை பேசிவிடுகிறது. ஒரே குத்து. கிளாகார்ட் செத்து விழுகிறான்.

அடுத்து நடப்பதுதான் கதையின் நடுநாடி. கேப்டனுக்கு பில்லி அப்பாவி என்று தெரியும். கப்பல் மருத்துவரும் மற்ற அதிகாரிகளும், கடற்படைத் தளபதியிடம் போய்ச் சேரும்வரை பொறுக்கலாமே என்று நினைக்கிறார்கள். கேப்டன் பொறுக்கவில்லை. உடனே ஒரு நீதிமன்றம் கூட்டுகிறார். பையனின் எண்ணத்தைப் பார்க்காதீர்கள், கையின் செயலை மட்டும் பாருங்கள் என்று வாதாடுகிறார். மறுநாள் விடியற்காலையில் பில்லியைத் தூக்கிலிடுகிறார்கள். வாய் திறக்க அவகாசம் கொடுத்த அதே மனிதர், உயிருக்கு அவகாசம் கொடுக்கவில்லை.

எங்கள் பகுதி சமய வகுப்பில், ஐந்தாம் படிவ மாணவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பாதிப் பேர் கேப்டன் பக்கம் நின்றார்கள்! "சட்டம்னா சட்டம்தானே சார், அவரு என்ன செய்வாரு?" என்றாள் ஒரு மாணவி. இன்னொருவன் மனுநீதிச் சோழனைத் துணைக்கு அழைத்தான். கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்டவர் இல்லையா? அந்த ராஜாவைப் புகழ்கிற நாம் இந்தக் கேப்டனை மட்டும் எப்படிக் குறை சொல்வது?

நல்ல கேள்வி. பதிலும் அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. மனுநீதிச் சோழன் வாசலில் மணி கட்டியிருந்தான். வாயில்லாத பசுகூட வந்து முறையிட அவன் அரண்மனையில் வழி இருந்தது. இழந்தவளின் குரலைக் கேட்டபிறகுதான் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பின் வலியையும் அவனே சுமந்தான், பலியானது அவன் பிள்ளை. கேப்டன் வியர் எதைக் காப்பாற்றத் தீர்ப்பு சொன்னார்? கலகம் வந்துவிடுமோ என்ற தன் பயத்தை. யாருடைய உயிரைக் கொடுத்து? யாருமில்லாத ஓர் அநாதையின் உயிரை. இரண்டும் ஒன்றல்ல. ஒருவர் நியாயத்துக்காகத் தன்னை இழந்தார், மற்றவர் பயத்துக்காக அடுத்தவனை இழந்தார்.

பயம் தீர்ப்பு எழுதிய காலம் ஒன்று நம்ம பக்கமும் இருந்தது. 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே மரண தண்டனை என்று சட்டம் வந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, 1949 மார்ச்சில் ரவாங் அருகே பிடிபட்டார். பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்து ரவாங் எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். குற்றச்சாட்டு, துப்பாக்கி வைத்திருந்தார் என்பது. இந்திய அரசாங்கம் தலையிட்டுக் கேட்டுப் பார்த்தது. பலனில்லை. மே 4-ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிடித்ததிலிருந்து தூக்குவரை ஏறக்குறைய இரண்டே மாதம்.

கணபதியின் அரசியலை நாம் ஏற்கலாம், மறுக்கலாம். அது வேறு விஷயம். அவரை பில்லியைப் போல ஒன்றும் அறியாதவர் என்றும் நான் சொல்லவில்லை. நான் கவனிப்பது அந்தச் சட்டம் கேட்ட கேள்வியை. ஏன், எதற்காக, எந்த எண்ணத்தில் என்பதற்கு அதில் இடமே இல்லை. கையில் இருந்ததா, இல்லையா? அவ்வளவுதான். கேப்டன் வியர் தன் அதிகாரிகளிடம் கேட்கச் சொன்ன அதே கேள்வி.

இதே சட்டத்தில் ஜோகூரில் 1948-இல் சிக்கிய இன்னொரு தமிழர் சம்பாசிவம். அவருக்கும் மரண தண்டனை. ஆனால் அவர் வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. தோட்டா வைத்திருந்த குற்றச்சாட்டில் அவர் முன்பே விடுதலையாகியிருந்தார். அந்த விடுதலைக்கு மறுவிசாரணையில் உரிய மதிப்பு தரப்படவில்லை என்று கண்டு, 1950-இல் தண்டனையை ரத்து செய்தார்கள். அதே காலம், அதே சட்டம், அதே தண்டனை. ஆனால் சம்பாசிவத்துக்கு அவகாசம் கிடைத்தது, அவர் சார்பில் பேச ஆள் இருந்தது. உயிர் தப்பியது. அவசரமாகக் கொடுக்கும் தண்டனை ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா? 2023-இல் நம் நாட்டில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது. இனி நீதிபதி, செயலோடு சேர்த்து ஆளையும் பார்க்கலாம்.

மெல்வில் கதையில் இன்னொரு கொடுமை கடைசியில் வருகிறது. பில்லி இறந்தபின் ஒரு பத்திரிகையில் செய்தி வருகிறது. பில்லி கெட்டவன், கிளாகார்ட் உத்தமன் என்று எல்லாம் தலைகீழாக. உயிர் போனது போதாதென்று பெயரும் போகிறது. இதுவும் நமக்குப் புதிதல்ல. 1948 டிசம்பரில், உலு சிலாங்கூர் பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆயுதமில்லாத 24 சீனக் கிராமவாசிகளை பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோட முயன்ற கொள்ளைக்காரர்கள் என்று அப்போது செய்தி சொல்லப்பட்டது. 1970-இல், அந்தப் படையில் இருந்த சிலரே நடந்தது அப்படியல்ல என்று சொன்னார்கள். குடும்பத்தார் விடவில்லை. வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போனது. பொது விசாரணைக்கு உத்தரவிட 2015-இல் அந்த நீதிமன்றம் மறுத்தது. வழக்கில் அவர்கள் ஜெயிக்கவில்லை. ஆனாலும் அந்த 24 பேரை இன்று யாரும் கொள்ளைக்காரர்கள் என்று சொல்வதில்லை. அது அரசாங்கம் கொடுத்ததல்ல. அறுபது வருடத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் வாங்கியது.

இங்கேதான் எனக்கு நம் சிலப்பதிகாரம் நினைவுக்கு வருகிறது. கோவலனும் பில்லியும் ஒரே வகை. பொய்க் குற்றச்சாட்டு, அவசரத் தீர்ப்பு, மரணம். ஆனால் கோவலனுக்கு ஒரு கண்ணகி இருந்தாள். கையில் சிலம்போடு அரசவைக்கே போய்க் கேட்டாள். பில்லிக்கு அப்படி யாருமில்லை. கப்பலில் அவனை நேசித்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தும் அந்த விடியலில் ஒருவரும் கேட்கவில்லை. பிறகு, அவன் தொங்கிய மரத்தின் சிறு துண்டுகளைப் புனிதமாக வைத்துக்கொண்டார்கள்.

மேற்கத்திய வாசகர்கள் பலர் பில்லியை ஏசுவின் சின்னமாகவும், பாவம் அறியாத ஆதாமாகவும் பார்க்கிறார்கள். தவறில்லை. நாமும் அப்படிச் செய்பவர்கள்தானே? நம் தோட்டங்களில் மதுரை வீரன் கோயில் இல்லாத இடம் குறைவு. திருடனென்று சந்தேகப்பட்டு மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவனைத்தான் சாமியாகக் கும்பிடுகிறோம். அநியாயமாகச் செத்தவனை மறக்கக் கூடாது என்ற நல்ல மனசு அதில் இருக்கிறது. ஆனால் செத்தபிறகு மாலை போடுவது சுலபம். உயிரோடு இருக்கும்போது பக்கத்தில் நிற்பதுதான் கஷ்டம்.

"எல்லாம் அவன் தலைவிதி, முன்வினை" என்று சொல்லி நகர்ந்துவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஊழ்வினையை சிலம்பும் மறுக்கவில்லை. முற்பிறவியில் பரதன் என்ற பெயரோடு இருந்த கோவலன், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான் என்று காப்பியம் சொல்கிறது. ஆனால் இதை யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்று பாருங்கள். மதுரையின் தெய்வம், எல்லாம் முடிந்தபிறகு, துக்கத்தில் இருக்கும் கண்ணகியிடம் சொல்கிறது. பாண்டியன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதைச் சொல்லவில்லை. "கோவலன் விதி, நான் என்ன செய்ய?" என்று அவன் கேட்டிருந்தால் அவனை யார் மதித்திருப்பார்கள்? தப்பை உணர்ந்தான், உயிரையே விட்டான். கர்மா என்பது அடிபட்டவன் தன் துயரத்தைப் புரிந்துகொள்ள இருக்கும் விளக்கம். அடித்தவன் ஒளிந்துகொள்ளும் திரையல்ல. வேடிக்கை பார்த்தவனுக்கும் அல்ல. வள்ளுவர் செங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்குவதே, நன்றாக ஆராய்ந்து பார் என்றுதான்.

இதெல்லாம் ராஜாக்களுக்கும் கேப்டன்களுக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் ஒரு தோட்டக் கோயில் திருவிழாவில் வசூல் பை காணாமல் போனது. எல்லார் கண்ணும் ஒரே பையன் மேல். பதினைந்து வயது. அப்பா இல்லை. யாராவது அதட்டினால் வார்த்தை வராது. "முழியைப் பாரு, இவன்தான் எடுத்திருப்பான்" என்றார்கள். அவன் நடுங்கிக்கொண்டே நின்றான். அந்த நடுக்கத்தையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு காலத்தில் பால்மரம் சீவிய பாட்டி ஒருவர்தான் முன்னே வந்து, "அவன்கிட்ட யாராச்சும் உட்கார்ந்து கேட்டீங்களா?" என்றார். பையனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அரை மணி நேரத்தில் பை கிடைத்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பொறுப்பாளர் ஒருவரின் உறவினர் காரில் வைத்துப் பூட்டியிருந்தார். பை கிடைத்துவிட்டது. அந்தப் பையன் மறுபடி கோயில் பக்கம் வர ஆறு மாதம் ஆனது.

அந்தப் பாட்டி சிலப்பதிகாரம் படித்தவர் இல்லை. மெல்வில் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் தர்மம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

இளைஞர்களே, நாளைக்கு உங்கள் பள்ளியில், கிளைக் கூட்டத்தில், வேலையிடத்தில் யாராவது ஒருவன்மேல் பழி விழும். வாட்ஸ்அப்பில் அவன் படம் சுற்ற ஆரம்பிக்கும். அதை அடுத்த ஆளுக்கு அனுப்புவதற்கு முன்னால் அவனிடம் கேட்டார்களா என்று கேளுங்கள். அவனுக்கு மலாய் வரவில்லை என்றாலும், பயத்தில் தமிழே வரவில்லை என்றாலும், பக்கத்தில் போய் நில்லுங்கள். ஒருவேளை அவன் தப்பு செய்தவனாகவே இருக்கலாம். அப்போதும் அவன் சொல்வதைக் கேட்டபிறகு தண்டனை கொடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கேட்காமல் கொடுத்துவிட்டால், பிறகு எத்தனை மாலை போட்டாலும் அதைத் திருப்பி வாங்க முடியாது.