காடும் ஓயட்டும், கைகளும் ஓயட்டும்



பணிக்கு அனுப்பப்பட்ட சீடர்கள் திரும்பி வந்து, செய்ததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்கிறார்கள். வருவோரும் போவோருமாய் ஒரே கூட்டம், உண்ணக்கூட நேரமில்லை. இயேசு அவர்களுக்கு அடுத்த வேலை தரவில்லை. தனிமையான ஓரிடத்துக்குப் போய் இளைப்பாற அழைக்கிறார் (மாற்கு 6). ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர்கள், நின்றபடியே டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு ஓவர்லாக் மிஷினுக்குத் திரும்புகிறவர்கள் நீங்கள். அந்தச் சீடர்களின் களைப்பு உங்களுக்குத் தெரியும்.

சென்ற ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நம் இளையோரோடு காங்கேயம் பக்கம் போனோம். மெயின் ரோட்டை விட்டு, ஊர்ச்சாலைகளிலும் இட்டேரிகளிலுமாகப் பழையகோட்டை வரை சென்றோம். இருபுறமும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும், நடுநடுவே வெள்வேல மரங்களும் நிற்கும் கொறங்காடுகள். காங்கேயம் மாடுகள் வளர்வது இந்த மேய்ச்சல் நிலங்களில்தான். ஓர் அம்மா மாடுகளை அடுத்த காட்டுக்கு ஓட்டிவிட்டு, முள்படலைச் சாத்திக்கொண்டிருந்தார். உள்ளே இன்னும் புல் இருந்தது. ஏனம்மா சாத்துகிறீர்கள் என்றேன். "கொஞ்ச நாளைக்கு இந்தக் காடு சும்மா கெடக்கட்டுஞ் சாமி. புல்லு மறுக்காத் தலையெடுக்கோணுமில்லீங்க" என்றார்.

மழை குறைந்த இந்தப் பூமியில் தலைமுறை தலைமுறையாக மாடுகள் பிழைத்தது இந்த ஒழுங்கால்தான். ஏழாம் ஆண்டில் நிலத்துக்கும் ஓய்வு தரச் சொல்கிறது லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம். ஓய்வு சோம்பேறியின் ஆசையன்று, கடவுளின் கட்டளை.

அதை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு நம் நொய்யல் ஆறே சாட்சி. பனியன் ஆர்டர் குவிந்த ஆண்டுகளில் ஆறு ஓயாமல் சாயத் தண்ணீரைச் சுமந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆற்றை ஓயவிடாத ஊர், அன்று வேலையின்றி நின்றது.

ஓய்வைக் காத்து வாழ்கிறவர்களும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் இன்றும் குதிரை வண்டியில் போகிறார்கள். ஞாயிறன்று வியாபாரம் செய்வதில்லை. புதிதாக ஒரு கருவி வந்தால், அது குடும்பத்தையும் சபையையும் சேர்க்குமா, பிரிக்குமா என்று பார்த்துத்தான் ஏற்கிறார்கள். மிஷினை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை; அதுதான் நம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறது. ஆனால் ஞாயிறு ஷிப்ட் நம் வீட்டைச் சேர்க்கிறதா, பிரிக்கிறதா என்று நாமும் கேட்க வேண்டும்.

கம்பெனி நடத்துகிறவர்களே, ஷிப்மென்ட் தேதியைக் காட்டி ஞாயிறன்று ஆள் கூப்பிடாதீர்கள். வேலை பார்க்கிறவர்களே, ஓய்ந்திருப்பதைக் குற்றமாக எண்ணாதீர்கள்.

சீடர்கள் போன இடத்துக்கும் மக்கள் தேடி வந்தார்கள். இயேசு அவர்களை விரட்டவில்லை, மனமிரங்கினார். நம் ஓய்விலும் பிறருக்கு இடம் இருக்கட்டும். உங்கள் லைன் வீட்டில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த தம்பியோ தங்கையோ இருப்பார்கள். வருகிற ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு, பிள்ளைகளோடு அவர்களையும் கூட்டிக்கொண்டு காட்டுப்பக்கம் போய் வாருங்கள். கட்டுச்சோற்றைப் பகிர்ந்து உண்ணுங்கள். ஆண்டவர் உங்களோடு இருப்பாராக. ஆமென்.