மூத்த பிள்ளையின் வீடு

பெரியவர் எவரும் இல்லாமல் மூத்த பிள்ளையே தம்பி தங்கைகளை வளர்க்கும் வீட்டைக் ‘குழந்தைத் தலைமைக் குடும்பம்’ என்பார்கள். போரும் பஞ்சமும் இப்படிப்பட்ட வீடுகளை எக்காலத்திலும் உண்டாக்கியுள்ளன. ஆனால் அவை தனியாகக் கவனிக்கப்பட்டது எய்ட்ஸ் உலகெங்கும் பரவிய பிறகுதான். 1980களின் இறுதியில் உகாண்டாவின் ராக்காய், தான்சானியாவின் ககேரா பகுதிகளில் இத்தகைய வீடுகள் தென்படத் தொடங்கின.

இதற்கான காரணம் நோயின் தன்மையிலேயே இருந்தது. எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. கிருமி கணவன் மனைவிக்கிடையே தொற்றுவதால், தந்தையை இழந்த பிள்ளைகள் பலர் சில ஆண்டுகளில் தாயையும் இழந்தனர். சித்தப்பா, மாமா, அத்தை என்று அதே தலைமுறையினரையும் நோய் விட்டுவைக்கவில்லை. எஞ்சிய பாட்டி பல வீட்டுப் பேரப்பிள்ளைகளைச் சேர்த்துச் சுமந்தாள். அவளும் போனபின் மூத்த பிள்ளைதான் மிச்சம். நோய் நெடுநாள் நீடிப்பது என்பதால், படுக்கையில் கிடந்த தாய்க்குக் கஞ்சி ஊட்டிய நாளிலேயே அந்தப் பிள்ளையின் பொறுப்பு தொடங்கிவிட்டது.

எஞ்சிய உறவினர் ஆளுக்கொரு பிள்ளையை அழைத்துக்கொண்டால் உடன்பிறப்புகள் சிதறிவிடுவர். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் நிலம் பிறர் கைக்குப் போய்விடும். தம்பி தங்கைகளைப் பிரிய விடமாட்டேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்தவர்களும் உண்டு. ஆகவே பலருக்குச் சேர்ந்திருப்பது தெரிந்தே எடுத்த முடிவு. அதற்கு விலையும் உண்டு. மூத்தவர் பள்ளியை விட்டுக் கூலி வேலைக்குப் போகிறார். பெண்ணாக இருந்தால் பாலியல் சுரண்டலுக்கும் அஞ்ச வேண்டியிருக்கிறது. பெற்றோரை நினைத்து அழக்கூட நேரம் கிடைப்பதில்லை.

இங்கே சமூகம் இரண்டு விதமாகத் தவறலாம். தியாகம் என்று புகழ்ந்து பிள்ளையைத் தனியே விட்டுவிடலாம். பாதுகாப்பு என்ற பெயரில் வீட்டைக் கலைத்துப் பிள்ளைகளை விடுதிகளில் சேர்க்கலாம். தென்னாப்பிரிக்காவின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டத்தின் 137ஆம் பிரிவு இரண்டையும் தவிர்க்க முயல்கிறது. 16 வயதைக் கடந்த பிள்ளை நடத்தும் வீட்டை, அது பிள்ளைகளின் நலனுக்கு உகந்தது என்றால், சட்டம் குடும்பமாக ஏற்கிறது. அன்றாட முடிவுகள் அந்தப் பிள்ளையுடையவை. மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் நியமிக்கப்படுவார். வீட்டை நடத்தும் பிள்ளையுடன் கலந்து பேசாமல் அவர் எந்த முடிவும் எடுக்கக்கூடாது. அரசு உதவித்தொகையை அந்தப் பிள்ளையே பெற்றுச் செலவிடவும் சட்டம் இடமளிக்கிறது. உடன்பிறந்தவர்களைக் காக்கும் பிள்ளைக்கும் காவல் தேவை. அந்தக் காவல் பிள்ளையின் சொல்லைப் பறிக்கக் கூடாது என்பதே இதன் சாரம்.

சட்டத்தால் ஆகாத ஒன்றை மருந்து செய்தது. 2004 முதல் தென்னாப்பிரிக்க அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து கிடைக்கத் தொடங்கியது. தொடர்ந்து மருந்து உண்ட தாய்மார் பலர் பிழைத்திருந்தனர். அவர்களின் மூத்த பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளாகவே இருக்க முடிந்தது.