விற்ற வீட்டில் சாமி இருக்குமா?

பழைய வீட்டை விலைக்குக் கொடுக்க முடிவெடுத்ததும் தரகர் முதலில் சொல்வது, "ஒரு கோட் பெயின்ட் அடிச்சிடுங்க" என்பதுதான். பெயின்டர் வந்து அறை அறையாகச் சுரண்டிக்கொண்டே போவார். சாமி அறை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தயங்குவார். விளக்கு மாடத்துக்கு மேலே நாற்பது வருட எண்ணெய்ப் புகை நாக்கு நீட்டிப் படிந்திருக்கும். படங்களைக் கழற்றிய இடங்களில் சுவர் தன் பழைய நிறத்தைச் சதுரம் சதுரமாகக் காட்டும். மஞ்சள் ஊறி ஊறி நிலைப்படி மரமே நிறம் மாறியிருக்கும். வீட்டுக்காரர்களுக்கு மனசு இடறுவதும் அங்கேதான். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியாகிவிட்டது. இந்த அறையும் அந்தக் கணக்கில்தானே போனது, இங்கே இருந்தவர் என்ன ஆவார்? பூர்வீக வீட்டை விற்பது பாவம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு அடியில் கிடக்கும் கேள்வி இதுதான்: தெய்வம் குடியிருப்பது சுவரிலா, விளக்கேற்றுகிறவர்களிடமா? நம் சடங்குகள் இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டன என்பது என் கட்சி. அந்தப் பதில் விற்பவரைப் பாவத்திலிருந்து விடுவிக்கிறது. ஆனால் வேறொரு பொறுப்பை அவர் தலையில் ஏற்றிவைக்கிறது.

வீட்டைவிடக் கெட்டியாக ஓரிடத்தில் வேர்பிடித்தது கோயில். மூலவரை அஷ்டபந்தன மருந்து சாத்திப் பீடத்தோடு பிணைத்திருப்பார்கள். அசைக்கக்கூடாது என்பதே அதன் பொருள். ஆனால் அதே கோயிலில் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் நடக்கிறது. மூர்த்தியிடம் உள்ள சக்தியைக் கும்பத்து நீரில் இறக்குகிறார்கள்; கலாகர்ஷணம் என்று அதற்குப் பெயர். பிறகு இறைவன் ஒரு மரப்பலகைச் சித்திரத்தில் சின்னதாகக் குடியிருப்பார், பூஜையும் அங்கேதான். கும்பாபிஷேகம் வரை கருவறைக்குள் கொத்தனார் சாரம் கட்டி ஏறலாம், கல்தச்சர் உளி வைக்கலாம். அத்தனை நாளும் அந்தக் கல் வெறும் கல்தான் என்று ஒப்புக்கொள்ளும் துணிச்சல் ஆகமத்துக்கு இருந்திருக்கிறது. ஸ்ரீரங்கத்தின் கதை இதைவிடப் பெரிது. 1323இல் டில்லிப் படை வந்தபோது, மூலவருக்கு முன்னால் சுவர் எழுப்பி மறைத்துவிட்டு, உற்சவரான நம்பெருமாளைத் தூக்கிக்கொண்டு பிள்ளை லோகாசாரியரும் அடியார்களும் தெற்கே புறப்பட்டார்கள் என்பது கோயில் மரபு. காடும் மலையுமாக அலைந்து, திருமலையிலும் தங்கி, நம்பெருமாள் திரும்பி வந்தது 1371இல். இடையில் போன நாற்பத்தெட்டு வருடமும் அவர் பெருமாளாக இல்லை என்று எந்த வைணவராவது சொல்வாரா? நாட்டார் தெய்வங்களின் வழி இன்னும் எளிது. பிழைக்கப் போன ஊரில் குலசாமிக்குக் கோயில் எழுப்ப வேண்டுமென்றால், தாய்க்கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்தால் போதும். தென்மாவட்டங்களில் சுடலைமாடன் கோயில்கள் பல இப்படிப் பிடிமண்ணில் முளைத்தவை. இதில் மண்ணும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் எடுத்துப் போவது ஒரு பிடி. ஏக்கர் கணக்கில் அல்ல.

வீட்டுச் சடங்குகளும் இதே வழக்கில்தான் பேசுகின்றன. குடிபோகும்போது சாமான் லாரி வருவதற்கு முன்னால் புது வீட்டுக்குள் போவது சாமி படம், விளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி, பருப்பு. கட்டிலும் பீரோவும் பிறகுதான். எதையெல்லாம் எடுத்துப் போனால் வீடு வீடாகும் என்பதற்கு நம் பெண்கள் வைத்திருக்கும் பட்டியல் அது. ஒரு கூடைக்குள் அடங்கிவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாருங்கள். உங்கள் பழைய வீட்டை வாங்கியவர் அதில் மறுபடி கணபதி ஹோமம் செய்து, புதிதாகப் பால் காய்ச்சித்தான் குடிவருகிறார். முந்தைய குடும்பம் அரை நூற்றாண்டு கும்பிட்ட புனிதம் சுவரில் தங்கியிருக்கும் என்று அவர் நம்பினால் இந்தச் செலவு எதற்கு? முன்னோர் வந்து தேடுவார்களே என்று ஒரு பயம் உண்டு. தர்ப்பணம் செய்யும்போது பித்ருக்களைக் கூப்பிடுவது கோத்திரமும் பெயரும் தலைமுறையும் சொல்லி. கதவிலக்கம் சொல்லி அல்ல. சங்கல்பத்தில் இடம் சொல்வது உண்டு. அது மேருவுக்குத் தெற்கே, பாரத வர்ஷத்தில் என்று போகிறதே தவிர, தெருப் பெயர்வரை இறங்குவதில்லை. காசியிலும் ராமேஸ்வரத்திலும் போய்க் கொடுப்பதை ஏற்றுக்கொள்கிறவர்கள், தாம்பரத்து அடுக்குமாடியில் வைக்கும் படையலுக்கு வழி தெரியாமல் நிற்பார்கள் என்று நினைக்கக் காரணமில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று நீதிமன்றத்திலேயே இருக்கிறது. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தில் குலதெய்வப் பூஜை வாரிசுகளுக்குள் முறைவைத்து நடந்தது. ஒரு வாரிசு தன் முறை வரும்போது விக்கிரகத்தைத் தன் வீட்டுக்கே கொண்டுபோகலாமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1925இல் வந்த தீர்ப்பு, விக்கிரகம் சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், கைக்கு வாகாகத் தூக்கிப்போகும் ஜங்கம சொத்து அல்ல, அது எங்கே இருக்க வேண்டும் என்பதில் அதன் விருப்பத்தையும் கேட்க வேண்டும் என்றது. அந்த விருப்பத்தை எடுத்துச் சொல்ல, வழக்கில் ஆதாயம் இல்லாத ஒருவர் வேண்டும் என்றும் சொன்னது. அப்படியானால் தெய்வம் இடத்தோடு கட்டுண்டது என்றுதானே ஆகிறது என்று கேட்கலாம். தீர்ப்பைக் கவனித்துப் படித்தால் அது சொல்வது வேறு. தெய்வம் நகரவே நகராது என்று அதில் இல்லை. உங்கள் வசதிக்காக மட்டும் நகர்த்தாதீர்கள் என்றுதான் இருக்கிறது. கேட்டுவிட்டு நகர்த்தச் சொல்கிறது. ஆகமத்தில் எந்தக் கிரியையும் அனுக்ஞை, அதாவது உத்தரவு வாங்குவதில் தொடங்குகிறது. சீமை நீதிபதிகள் சட்ட மொழியில் சுற்றி வந்து சேர்ந்த இடமும் அதுவே என்பது ஒரு வேடிக்கை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது. புனிதம் எடுத்துப் போகக்கூடியது என்று சொல்லிவிட்டால், மக்களை மண்ணிலிருந்து கிளப்புகிறவர்களுக்கு அது வசதியான தத்துவம் ஆகிவிடாதா? யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் 1990இல் போர் காரணமாக வெளியேறிய குடும்பங்கள், இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்ட காணிகளுக்காகப் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள். சாமியைக் கூடவே எடுத்துப் போயிருக்கலாமே என்று அவர்களிடம் யாராவது சொன்னால் அது கொடுமை. ஆனால் அவர்களுடைய வலி என் வாதத்தை முறிப்பதாக நான் நினைக்கவில்லை. பாலாலயத்தில் இறைவனைக் கேட்டுவிட்டு இறக்குகிறோம். பிடிமண்ணைக் கும்பிட்டுவிட்டு அள்ளுகிறோம். கேட்கவும் கும்பிடவும் அவகாசம் இல்லாமல், அடுப்பில் வைத்த சோறு வைத்தபடி இருக்க ஓடியவர்கள் அவர்கள். விடைபெற்றுப் புறப்படுகிறவருக்கும் விரட்டப்பட்டவருக்கும் நடுவில் இருப்பது இந்த அனுக்ஞைதான். அது கிடைக்காதவர்கள் திரும்பிப் போக வேண்டும் என்று கேட்பதில் ஒரு தவறும் இல்லை.

விருப்பத்தோடு விற்கிறவருக்கு அந்த அவகாசம் இருக்கிறது. அதை அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் பாவ புண்ணியம் எல்லாம். பத்திரப் பதிவுக்கு நாள் பார்க்கிறோம், புது வீட்டுக்கு நல்ல நேரம் பார்க்கிறோம். பழைய வீட்டில் கடைசி விளக்கு என்றைக்கு என்று யாரும் குறித்து வைப்பதில்லை. பேக்கர்ஸ் ஆட்கள் வருகிற அவசரத்தில் ஓரம் செல்லரித்த படங்கள், கண்ணாடி கீறிய முருகன், தாத்தா காலத்துத் தஞ்சாவூர்ப் படத்தின் சட்டம் எல்லாம் ஒரு பையில் போய், இருட்டியதும் தெருமுனை அரசமரத்தடிக்கு வந்து சேர்கின்றன. புது அபார்ட்மென்டில் சாமிக்கு ஒதுக்கியது சமையலறை அலமாரியில் ஒரு தட்டு என்றால் வேறு வழியில்லைதான். ஆனால் வீட்டை விற்பது பாவமோ என்று ராத்திரி தூக்கம் கெட்டவர்கள் படங்களை மரத்தடியில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது எனக்குப் புரிவதில்லை. இன்னொன்றும் உண்டு. மாடத்துப் புகைக்கறை உங்கள் குடும்பத்துடையது, அதை அழிக்கலாம். வடக்குச் சுவரின் ஓதம் வாங்குகிறவருக்குச் சேர வேண்டிய தகவல், அதன்மேல் பெயின்ட் அடிப்பது பொய். 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையைத் தெரிந்த விற்பனையாளர் சொல்லியாக வேண்டும் என்கிறது. வாய்மைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரைக் கும்பிடுகிற ஊரில் இதற்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கக்கூடாது.

ஆகவே விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயின்டர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாடத்தில் ஒரு விளக்கேற்றி, "போய் வருகிறோம்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். படங்களுக்குப் புது வீட்டில் இடமில்லையென்றால் வைத்துக் கும்பிடுகிற ஒரு உறவுக்காரர் கையில் கொடுங்கள். சுவரில் ஓதம் இருக்கிறதென்றால், அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.