தவறான விடை தரும் தகவல்

2012-13ஆம் கல்வியாண்டில் தமிழகத்தில் 8ஆம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, பாடம் நடக்கும்போதே புரிதலை அறியும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. இவற்றுள் ஆசிரியருக்கு உடனே கைகொடுப்பது முன்னதே: ஐயப்பன்தாங்கலில் ஒரு தொடக்கப்பள்ளிக் குழந்தை 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என எழுதினால், அது வெறும் கவனக்குறைவாக இல்லாமல், எந்த இலக்கம் மேலே இருந்தாலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கும் பழக்கமாகவோ, கடன் வாங்கியபின் பத்துகளில் ஒன்றைக் குறைக்க மறந்ததாகவோ இருக்கலாம்; எது என்பது குழந்தையிடம் கேட்டால் தெரிந்துவிடும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என வகுத்ததும் அவரவர் கற்றல் நிலைக்கேற்பக் கற்பிக்கத்தான். ஆனால் மதிப்பீட்டு விவரங்களைச் செயலியில் பதிவேற்றுவதே பெரும்பணியாகிவிட்டால், அந்த 35 எப்படி வந்தது என்று குழந்தையிடம் கேட்க ஆசிரியருக்கு நேரம் மிஞ்சாது.